பிற துறையின் ஆய்வுக் கட்டுரையை வாசிப்பது எப்படி?

தமது துறைக்கு வெளியே எழுதப்பட்ட ஓர் ஆய்வுக் கட்டுரையோடு மல்லுக்கட்ட வேண்டிய நாள், ஆய்வில் இருக்கும் எவருக்கும் வந்தே தீரும். கணினிப் பாதுகாப்பில் இருப்பவருக்கு எண் கோட்பாட்டின் தேற்றம் ஒன்று தேவைப்படுகிறது. உயிரியலாளருக்குப் புள்ளியியலின் புதிய முறை ஒன்று தேவைப்படுகிறது. கணிதவியலாளருக்கோ, தாம் நிறுவியதை யாரோ மறையீட்டியலில், அதாவது செய்திகளைப் பிறர் படிக்க முடியாதபடி மறைக்கும் துறையில், பயன்படுத்தியிருப்பதாகக் கேள்விப்பட்டு அதைப் பார்த்துவிடும் ஆவல். கட்டுரையை எடுத்து முதல் வரியிலிருந்து வாசிக்கத் தொடங்குகிறோம், மூன்றாம் பக்கத்தில் நின்றுவிடுகிறோம், கலைச்சொற்கள் தெரியாததால்தான் புரியவில்லை என்று நமக்கு நாமே சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். கலைச்சொல் தடைதான், ஆனால் பாடநூல் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் தாண்டிவிடலாம். ஒரு கூற்று எப்போது முடிந்த முடிவாகிறது என்பதில் ஒவ்வொரு துறைக்கும் தனி வழக்கம் இருக்கிறது; அந்த வழக்கத்தை யாரும் கட்டுரைக்குள் எழுதிவைப்பதில்லை. வெளியாரை உண்மையில் தடுக்கி விழவைப்பது அதுதான். இங்கே சொல்லப்போவதில் பெரும்பகுதி அதைக் கண்டுகொள்ளும் வழிகளைப் பற்றியது.

எது சான்று என்று முதலில் கேளுங்கள்

கட்டுரையைத் திறக்கும் முன்பே ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டிய கேள்வி: இந்தத் துறையில் எதைக் காட்டினால் ஐயப்படுபவர் வாயடைத்துப்போவார்? கணிதத்தில் அது நிறுவல். ஆயிரம் எடுத்துக்காட்டுகள் பொருந்தினாலும் நிறுவல் இல்லாதவரை அதன் பெயர் ஊகம்தான். கணினிப் பாதுகாப்பில் தாக்குதல் கட்டுரை என்றால் இயங்கிக் காட்டும் ஒரு தாக்குதலும், தற்காப்புக் கட்டுரை என்றால் இன்ன எடுகோள்களின்கீழ் இன்ன எதிரியால் உடைக்க முடியாது என்ற வாதமும் சான்றாகின்றன. துகள் இயற்பியலில் அது ஐந்து சிக்மா என்னும் வரம்பு. அதாவது, புதிய துகள் எதுவும் இல்லாதபோதும் தற்செயலாக அப்படியொரு குறி தோன்றும் வாய்ப்பு ஏறத்தாழ 35 லட்சத்தில் ஒன்றாக இருக்க வேண்டும். 2012 ஜூலை 4 அன்று செர்ன் ஆய்வகம் ஹிக்ஸ் துகளை ஒத்த ஒன்றைக் கண்டதாக அறிவித்தபோது அந்த வரம்பைத் தொட்ட பிறகுதான் அறிவித்தது. உளவியலிலும் மருத்துவத்தின் பல பிரிவுகளிலும் இருபதில் ஒன்று என்ற வரம்பே நெடுங்காலமாகப் போதுமானதாக இருந்துவந்தது. அதன் விளைவை 2015இல் வெளியான ஒரு பெரிய கூட்டு முயற்சி காட்டியது. 100 உளவியல் ஆய்வுகளை மீண்டும் செய்துபார்த்ததில், மூலக் கட்டுரைகளில் 97 விழுக்காடு அந்த வரம்பைத் தாண்டியிருக்க, மறுமுறை தாண்டியவை 36 விழுக்காடு மட்டுமே.

இதைப் படித்துவிட்டுக் கணிதம் உயர்ந்தது, உளவியல் தாழ்ந்தது என்று தரம் பிரிக்கத் தோன்றினால் அதை அடக்கிக்கொள்ளுங்கள். மனித மனத்தைப் பற்றிய கேள்விக்கு நிறுவல் எழுத முடியாது. கிடைக்கிற சான்றின் வகையைக் கேள்வியே தீர்மானிக்கிறது. வாசிப்பவர் செய்ய வேண்டியது, தம் துறையின் தராசைக் கழற்றிவைத்துவிட்டு அந்தத் துறையின் தராசை எடுத்துக்கொள்வது, கூடவே அந்தத் தராசு எவ்வளவு நுட்பமானது என்றும் அறிந்திருப்பது.

தெரிந்த சொற்களிடம்தான் எச்சரிக்கை தேவை

தெரியாத சொல்லை நாம் தேடிப் பார்த்துவிடுகிறோம். தெரிந்ததுபோல் தோன்றும் சொல்லை அப்படியே கடந்துபோகிறோம். மறையீட்டியலில் ‘புறக்கணிக்கத்தக்க’ வாய்ப்பு என்று ஒரு சொல் அடிக்கடி வரும். நான் முதன்முதலில் அதை ‘மிகச் சிறிய’ என்று எடுத்துக்கொண்டு சில வாரங்கள் வாசித்தேன். ஒரு தேற்றத்தின் கடைசிப் படி ஏன் சரி என்பது மட்டும் விளங்கவே இல்லை. பிறகுதான், அது துல்லியமான வரையறை கொண்ட சொல் என்று தெரிந்தது: பாதுகாப்பு அளவுரு (சாவியின் நீளம் போன்றது) பெருகப் பெருக, எந்தப் பல்லுறுப்புக் கோவையை எடுத்தாலும் அதன் தலைகீழியைவிடச் சிறிதாகிவிடும் ஓர் அளவையே அது குறிக்கிறது. பத்துக் கோடியில் ஒன்று என்பது மாறாத எண்ணாக நின்றால், எவ்வளவு சிறிதாயினும், இந்த வரையறையின்படி புறக்கணிக்கத்தக்கது ஆகாது. அதேபோல் அங்கே ‘திறமையான’ எதிரி என்றால் கெட்டிக்காரர் என்று பொருளில்லை; பல்லுறுப்பு நேரத்தில், அதாவது அந்த அளவுருவின் ஏதேனும் ஒரு பல்லுறுப்புக் கோவையைத் தாண்டாத எண்ணிக்கையிலான படிகளில், கணக்கை முடிப்பவர் என்று பொருள். புள்ளியியலில் ‘முக்கியமான’ வேறுபாடு நடைமுறையில் ஒன்றுக்கும் உதவாத அளவு நுண்ணியதாகவும் இருக்கலாம்.

‘உடைந்தது’ என்ற சொல்லும் இப்படித்தான். 2011இல், பரவலாகப் பயன்படும் ஏஇஎஸ் (AES) என்னும் குறியாக்கத்தின் முழு வடிவத்தின் மீதும் ஒரு தாக்குதல் வெளியானது. 128 பிட் சாவியை ஒவ்வொன்றாக முயன்று கண்டுபிடிக்க 2¹²⁸ முயற்சிகள் வேண்டும். புதிய முறைக்கு ஏறத்தாழ 2¹²⁶ போதும். அதாவது வேலை நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது. ஆய்வாளரின் வழக்கில் இது மதிக்கத்தக்க தாக்குதல், ஏனெனில் எல்லாச் சாவிகளையும் முயல்வதைவிட வேகமான எதுவும் அங்கே தாக்குதல்தான். உங்கள் வங்கிக் கணக்கின் பாதுகாப்பில் இதனால் ஒரு துரும்பும் அசையவில்லை. நான்கில் ஒரு பங்கு என்றாலும் அந்த எண்ணை எந்தக் கணினியாலும் முடிக்க முடியாது. தலைப்பை மட்டும் படித்தவர் அஞ்சுவார், துறையின் வழக்கு தெரிந்தவர் ரசிப்பார்.

ஒரு பழக்கத்தைப் பரிந்துரைப்பேன். கட்டுரையில் மூன்று முறைக்கு மேல் வரும் ஒவ்வொரு சாதாரணச் சொல்லையும் குறித்துக்கொண்டு, அதற்கு வரையறை இருக்கிறதா என்று பின்னோக்கித் தேடுங்கள். பாதிச் சொற்கள் சாதாரணமானவை என்று தெரியவரும்; மீதிப் பாதியில் கட்டுரை ஒளிந்திருக்கும்.

இரண்டே வாக்கியக் கட்டுரையில் எத்தனை கூற்றுகள்?

ஒரு கட்டுரையில் ஒரு முடிவு இருப்பதாக நினைப்பது பெரும்பிழை. ஒவ்வொரு கூற்றையும் தனியே பிரித்து, எதற்கு எந்த வகைச் சான்று என்று கேட்க வேண்டும். இதைப் பழகுவதற்கு நான் அறிந்தவற்றுள் மிகச் சிறந்த பாடம், 1966இல் லாண்டர், பார்க்கின் என்னும் இருவர் வெளியிட்ட கணிதக் கட்டுரை. அதன் உடல் இரண்டே வாக்கியங்கள். ஓர் n-ஆம் அடுக்கை n-ஆம் அடுக்குகளின் கூட்டலாக எழுதக் குறைந்தது n எண்கள் வேண்டும் என்று 18ஆம் நூற்றாண்டில் ஆய்லர் ஊகித்திருந்தார். ஐந்தாம் அடுக்குக்கு ஐந்து எண்கள் தேவை என்பது அவர் கணிப்பு. இவர்கள் நான்கே எண்களில் முடித்துக் காட்டினார்கள்:

27⁵ + 84⁵ + 110⁵ + 133⁵ = 144⁵

இதை நீங்களே சரிபார்க்கலாம். முழுக் கணக்கையும் போடுவதற்கு முன் ஒரு குறுக்குவழி இருக்கிறது. எந்த முழு எண்ணின் ஐந்தாம் அடுக்கும் அந்த எண்ணின் கடைசி இலக்கத்திலேயே முடியும். இடப்பக்கத்தின் கடைசி இலக்கங்கள் 7, 4, 0, 3. கூட்டினால் 14, ஆகவே கடைசி இலக்கம் 4. வலப்பக்கத்து 144உம் 4இல் முடிகிறது. பொருந்துகிறது. இது நிறுவல் ஆகாது, ஆனால் கடைசி இலக்கம் ஒன்றில் தட்டச்சுப் பிழை இருந்திருந்தால் இங்கேயே காட்டிக்கொடுத்திருக்கும். பிறகு பொறுமையாகப் பெருக்கிப் பார்த்தால் இரு பக்கமும் 6,191 கோடியே 73 லட்சத்து 64 ஆயிரத்து 224 என்று வரும். ஊகம் வீழ்ந்தது, பள்ளி மாணவரும் கையால் உறுதிப்படுத்திக்கொள்ளக்கூடிய சான்று.

ஆனால் அந்த இரண்டு வாக்கியங்களுக்குள் இன்னொரு கூற்றும் இருக்கிறது. நான்கு ஐந்தாம் அடுக்குகளின் கூட்டல் ஓர் ஐந்தாம் அடுக்காக வருவதில் இதுவே மிகச் சிறியது என்றும் அவர்கள் எழுதியிருந்தார்கள். இதை நீங்கள் பெருக்கிப் பார்த்து அறிய முடியாது. அவர்கள் சிடிசி 6600 கணினியில் நடத்திய தேடல் இதைவிடச் சிறிய எல்லாவற்றையும் விடாமல் பார்த்தது என்று நம்ப வேண்டும், அல்லது அந்தத் தேடலை நீங்களே மீண்டும் நடத்த வேண்டும். ஒரே வரியில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு கூற்றுகளில் ஒன்றுக்குச் சான்று உங்கள் கையிலும், மற்றதற்குச் சான்று வேறொருவரின் கணினியிலும் இருக்கின்றன. நாற்பது பக்கக் கட்டுரையில் இத்தகைய கலவை எவ்வளவு இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

எடுகோளைத் தோண்டி எடுங்கள்

கூற்றைப் பிரித்த பிறகு, ஒவ்வொன்றும் எதன்மேல் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். கணினிப் பாதுகாப்பில் இதற்குப் பாடமாக அமைந்தது 1978இல் நீதம், ஷ்ரோடர் இருவரும் வெளியிட்ட பொதுச் சாவி நெறிமுறை. பொதுச் சாவி முறையில் ஒருவருக்கான செய்தியை யாரும் பூட்டலாம், அவர் மட்டுமே திறக்கலாம். இருவர் ஒருவரையொருவர் இன்னார்தான் என்று உறுதிசெய்துகொள்வது அந்த நெறிமுறையின் நோக்கம். இருவரையும் அ, ஆ என்று வைத்துக்கொள்வோம். அ ஒரு புதிய எண்ணை உருவாக்கித் தன் பெயரோடு சேர்த்து, ஆ மட்டும் திறக்கக்கூடியபடி பூட்டி அனுப்புகிறார். ஆ அதைத் திறந்து, அந்த எண்ணோடு தன் புதிய எண்ணையும் சேர்த்து, அ மட்டும் திறக்கக்கூடியபடி பூட்டித் திருப்பி அனுப்புகிறார். அ இரண்டாம் எண்ணைப் பூட்டித் திருப்பி அனுப்பியதும் இருவருக்கும் நம்பிக்கை பிறக்கிறது. பார்த்தால் ஓட்டை எதுவும் தெரிவதில்லை.

17 ஆண்டுகள் கழித்து, 1995இல் கேவின் லோ ஓர் ஓட்டையைக் காட்டினார். இ என்று மூன்றாமவர் ஒருவர் இருக்கிறார். வெளியாள் அல்லர், முறைப்படி சாவி வைத்திருக்கும் பயனர், ஆனால் நேர்மையற்றவர். அ அவரோடு இயல்பாகவே ஓர் உரையாடலைத் தொடங்குகிறார். இ அந்த முதல் செய்தியைத் திறந்து, ஆ-வுக்கான பூட்டில் மீண்டும் பூட்டி, அ அனுப்பியதுபோல ஆ-வுக்கு அனுப்புகிறார். ஆ திருப்பி அனுப்பும் பூட்டை இ-யால் திறக்க முடியாது. ஆகவே அதை அப்படியே அ-வுக்குத் தள்ளிவிடுகிறார். அ அதை இ-யின் பதில் என்று எண்ணித் திறந்து, இரண்டாம் எண்ணை இ-க்கே பூட்டி அனுப்புகிறார். இனி இ-யிடம் எல்லாம் இருக்கிறது. தான் அ-வோடு பேசுவதாக ஆ நம்பிவிடுகிறார். எந்தக் குறியாக்கமும் உடைக்கப்படவில்லை. திருத்தமும் மிகச் சிறியது: இரண்டாம் செய்தியில் ஆ தன் பெயரையும் சேர்த்துவிட்டால் போதும், அ உடனே ஏமாற்றைக் கண்டுகொள்வார்.

மூலக் கட்டுரை தவறாகக் கணக்கிட்டது என்று இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. முறைப்படி சேர்ந்த பயனர்கள் நேர்மையாக நடப்பார்கள், எதிரி வெளியே இருப்பார் என்ற படத்துக்குள் அது சரியாகவே நின்றது. உள்ளிருப்பவரே எதிரியாகலாம் என்று படம் மாறியபோது அது சரிந்தது. ஆகவே கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்க வேண்டியது: இங்கே எதிரி யார், அவரால் எதைக் கேட்க முடியும், எதை மாற்ற முடியும், எதைச் செய்யமாட்டார் என்று ஆசிரியர்கள் நம்புகிறார்கள்? பிற துறைகளிலும் இதே கேள்வி வேறு உடையில் வரும். கணிதத்தில் ‘இனி வரும் வளையங்கள் எல்லாம் பரிமாற்று வளையங்கள்’ என்று இரண்டாம் பிரிவில் ஒரே வரியாக வந்துபோகும். மருத்துவ ஆய்வில் யாரைச் சேர்த்தார்கள், யாரை விலக்கினார்கள் என்ற பத்தியில் அது இருக்கும். அந்த ஒரு வரியைத் தவறவிட்டு மீதி முழுவதையும் புரிந்துகொள்வதைவிட, அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு மீதியில் பாதியை விட்டுவிடுவது மேல்.

வாசிக்கும் வரிசை

சுருக்கம், அறிமுகத்தின் இறுதிப் பத்திகள், வரையறைகள், முதன்மைத் தேற்றம் அல்லது முதன்மை அட்டவணை, வரம்புகளைப் பற்றிய பகுதி என்ற வரிசையில் முதல் வாசிப்பை முடித்துவிடுங்கள். நிறுவல்களும் சோதனை விவரங்களும் இரண்டாம் வாசிப்புக்கு. கட்டுரை எங்கே வெளியானது என்பதையும் அந்தத் துறையின் கண்ணால்தான் பார்க்க வேண்டும். கணினிப் பாதுகாப்பில் முதன்மையான முடிவுகள் மாநாடுகளிலேயே வெளியாகின்றன. மாநாட்டுக் கட்டுரை என்றால் அரைகுறை என்று கருதும் பிற துறையினர் அங்கே ஏமாந்துபோவார்கள். கணிதத்திலோ ஆய்விதழே முடிவான இடம், அது ஆண்டுக்கணக்கில் காக்கவைக்கும். கோளங்களை மிக நெருக்கமாக அடுக்குவது பற்றிய கெப்ளர் ஊகத்துக்கு 1998இல் தாமஸ் ஹேல்ஸ் அறிவித்த நிறுவல், நடுவர்கள் பல ஆண்டுகள் உழைத்த பிறகு 2005இல்தான் ஆய்விதழில் வந்தது. ஆசிரியர் பெயர் வரிசைக்கும் இது பொருந்தும்: கணிதத்தில் பெரும்பாலும் அகர வரிசை, உயிரியலில் முதற்பெயர் வேலையின் பெரும்பகுதியைச் செய்தவருடையது, கடைசிப் பெயர் ஆய்வகத் தலைவருடையது.

தேடுவதற்குப் பெயர் வேண்டும்

உங்களுக்கு வேண்டிய கட்டுரை வேறு துறையில் வேறு பெயரில் இருக்கும்போது தேடுபொறி உதவாது. 1994இல் நீரிழிவு நோய்க்கான ஓர் ஆய்விதழில், வளைகோட்டுக்குக் கீழுள்ள பரப்பை அளக்கப் புதிய முறை என்று ஒரு கட்டுரை வெளியானது. வளைகோட்டைத் துண்டுகளாக்கி, சரிவகங்களாக எண்ணிக் கூட்டும் முறை அது. நுண்கணிதப் பாடநூல்களில் சரிவக விதி என்ற பெயரில் நெடுங்காலமாக இருப்பது. இதைச் சொல்லிச் சிரிப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் சிரிப்பு வருவதில்லை. பெயர் தெரியாத ஒன்றை எப்படித் தேடுவது?

இதன் மறுபக்கமும் உண்டு. 1986இல் டான் ஸ்வான்சன் என்னும் தகவலியல் அறிஞர், ஒன்றையொன்று மேற்கோள் காட்டாத இரண்டு கட்டுரைத் தொகுதிகளை அருகருகே வைத்தார். மீன் எண்ணெய் இரத்தத்தின் பாகுத்தன்மையைக் குறைக்கிறது என்றது ஒன்று. குளிரில் விரல்களின் இரத்த ஓட்டம் குறைந்துபோகும் ரேனோ நோய் உள்ளவர்களுக்கு இரத்தப் பாகுத்தன்மை மிகுந்திருக்கிறது என்றது மற்றொன்று. மீன் எண்ணெய் அந்நோய்க்கு உதவலாம் என்ற கருதுகோள் இரண்டுக்கும் நடுவில் எவரும் எடுக்காமல் கிடந்தது.

பெயரைக் கண்டுபிடிக்க மூன்று வழிகள் பலனளித்திருக்கின்றன. ஒன்று, அந்தத் துறையின் மேலோட்டக் கட்டுரைகளிலும் விரிவுரைக் குறிப்புகளிலும் உங்கள் சிக்கலின் வடிவத்தை, சொல்லை அல்ல, தேடுவது. இரண்டு, தொடர்புள்ள ஒரே ஒரு கட்டுரை கிடைத்தாலும் அது மேற்கோள் காட்டியவற்றின் வழியே பின்னோக்கியும், அதை மேற்கோள் காட்டியவற்றின் வழியே முன்னோக்கியும் நடப்பது. கூகுள் ஸ்காலர் இதற்குப் போதும். மூன்றாவது வழியே மிக விரைவானது, நாம் மிகக் கடைசியில் செய்வதும் அதுதான்: அந்தத் துறையில் இருக்கும் ஒருவரிடம் போய்ப் படம் வரைந்து காட்டி, இதற்கு உங்கள் ஊரில் என்ன பெயர் என்று கேட்பது.

கட்டுரைக்குப் பின் என்ன நடந்தது?

வெளியான நாளோடு கட்டுரையின் கதை முடிவதில்லை. எந்த வரைபடத்தையும் அடுத்தடுத்த பகுதிகள் ஒரே நிறம் பெறாதபடி நான்கு வண்ணங்களில் தீட்டிவிடலாம் என்னும் நான்கு வண்ணத் தேற்றத்துக்குக் கெம்பே 1879இல் கொடுத்த நிறுவலை 11 ஆண்டுகள் எல்லோரும் ஏற்றிருந்தார்கள். 1890இல் ஹீவுட் அதில் பிழையைக் கண்டார். ஆனால் கெம்பேயின் உத்தி வீணாகவில்லை. 1976இல் ஆப்பெல், ஹாக்கன் இருவரும் கணினி கொண்டு முடித்த நிறுவலும் அந்த உத்தியின்மேல்தான் எழுந்தது. ஃபெர்மாவின் கடைசித் தேற்றத்துக்கு ஆண்ட்ரூ வைல்ஸ் 1993இல் அறிவித்த நிறுவலில் இடைவெளி இருந்தது. ரிச்சர்டு டெய்லரின் துணையோடு அது 1994இல் அடைக்கப்பட்டது. எனவே, நடுவர்கள் பார்க்கும் முன்பே கட்டுரைகள் இடப்படும் முன்பதிப்புத் தளத்தில் எடுத்த கட்டுரை எத்தனையாவது வடிவம் என்றும், பின்னர் திருத்தமோ மறுப்போ விலக்கலோ வந்ததா என்றும் பார்க்காமல் அதன்மேல் எதையும் கட்டாதீர்கள்.

சில நேரங்களில் மறுப்பு வருவது எவரும் பார்க்காத திசையிலிருந்து. குவாண்டம் கணினிக்கும் அசையாத குறியாக்கம் என்று முன்வைக்கப்பட்ட சைக் என்னும் முறையை, அமெரிக்காவின் தரநிலை நிறுவனமான நிஸ்ட் 2022 ஜூலையில் தன் தேர்வின் நான்காம் சுற்றுக்கு அனுப்பியது. அந்த மாதம் முடிவதற்குள் காஸ்ட்ரிக், டெக்ரு என்னும் இருவர் அதை உடைத்துவிட்டார்கள். மிகச் சிறிய அளவுருவுக்குச் சாதாரணச் செயலியின் ஒரே கருவில் (core) ஏறத்தாழ ஒரு மணி நேரம் போதுமானதாக இருந்தது. நெறிமுறை இயங்குவதற்காக வெளிப்படையாகக் கொடுக்கப்பட்ட சில கூடுதல் புள்ளிகளையும், எர்ன்ஸ்ட் கனி 1997இல் நிறுவிய ஒரு தேற்றத்தையும் அவர்கள் சேர்த்துப் பார்த்தார்கள். அந்தத் தேற்றம் குறியாக்கத்துக்காக எழுதப்பட்டதன்று. தூய கணிதத்தின் இயற்கணித வடிவியலைச் சேர்ந்தது, கால் நூற்றாண்டாக அச்சில் இருந்தது.

கையில் என்ன மிஞ்ச வேண்டும்

வாசித்து முடித்ததும் ஒரு பக்கக் குறிப்பு எழுதுங்கள். கூற்றுகள், ஒவ்வொன்றின் சான்று, எடுகோள்கள் ஆகிய மூன்றும் போதும். அதோடு, நான் எந்தப் படிகளைச் சரிபார்க்காமல் நம்பிக் கடந்தேன் என்ற பட்டியல் ஒன்றையும் மறவாமல் சேர்ப்பேன். ஆறு மாதம் கழித்துத் திரும்பி வரும்போது, எது எனக்குத் தெரியும், எது நான் வாங்கிக்கொண்டது என்பது வேறு எந்த வகையிலும் நினைவிருப்பதில்லை. முடிந்தால் மிகச் சிறிய எடுத்துக்காட்டு ஒன்றைக் கையால் போட்டுப் பாருங்கள்: தேற்றமானால் n இரண்டாக இருக்கும்போது, நெறிமுறையானால் மூன்றே செய்திகளில்.

அப்போதும் ஒரு படி விளங்காவிட்டால் ஆசிரியருக்கு எழுதலாம். ‘உங்கள் கட்டுரை புரியவில்லை, விளக்க முடியுமா?’ என்ற கடிதத்துக்குப் பதில் வராது. ‘நான்காம் துணைத்தேற்றத்தின் மூன்றாம் வரியில் n ஒற்றை எண் என்பது எங்கிருந்து வருகிறது? n இரண்டாக இருக்கும்போது எனக்கு இப்படி வருகிறது’ என்று எழுதி, போட்ட கணக்கையும் இணைத்தால் பெரும்பாலும் வரும்; சில வேளை, அந்த வரியில் பிழைதான் என்று ஒப்புக்கொண்டே வரும்.